சொத்தையில்லாத பல் ஏன் விழுகிறது?

"ஒரு சொத்தை கிடையாது, ஒரு நாள் வலிச்சது கிடையாது. பல்லு தானா ஆடுச்சு. ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது கையோட வந்துருச்சு." ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. விழுந்த பல்லை வாங்கிப் பார்த்தால் அவர்கள் சொல்வது உண்மைதான். தலைப்பகுதியில் ஒரு குழி இல்லை. வேர் நுனி வரை முழுசாக இருக்கிறது. வேரின் பக்கவாட்டில் மட்டும் கறுப்பாகச் சொரசொரப்பான ஏதோ ஒட்டியிருக்கிறது. "வயசாயிருச்சு, வேறென்ன?" என்று பேச்சு முடிந்துவிடும்.

வயதுதான் காரணம் என்றால், எண்பது வயதிலும் கரும்பைக் கடித்து இழுக்கிற தாத்தாக்கள் எப்படி இருக்கிறார்கள்? நாற்பதிலேயே முன்பல் நான்கும் ஆடுகிறவர்களுக்கு என்ன வயதாகிவிட்டது? நல்ல பல் விழுகிறதென்றால் கோளாறு பல்லில் இல்லை, பல் நிற்கிற இடத்தில் இருக்கிறது.

பல் தாடை எலும்போடு ஒட்டிப் பிறந்ததில்லை. எலும்பில் உள்ள குழிக்குள் வேர் இறங்கியிருக்கும். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள். ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் புதைந்து, பல்லை அந்தரத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. இவற்றைப் பல்நார் என்று சொல்லலாம். சோற்றில் கல் கடிபட்டதும் சுரீரென்று தெரிவது இந்த நார்களில் உள்ள நரம்பால்தான். நார், அதைத் தாங்கும் எலும்பு, மேலே போர்த்தியிருக்கும் ஈறு ஆகியவை முக்கியப் பகுதிகளாகச் சேர்ந்தது பல்தாங்கு திசு. ஈறு நோய் என்று நாம் சொல்வது இந்த முழு அமைப்பின் நோய். ஈறு என்பது அதில் கண்ணுக்குத் தெரிகிற மேற்பகுதி மட்டுமே.

உடம்பில் பல்லுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. தோலும் வாயின் உள்ளுறையும் உடம்பை இடைவெளி இல்லாமல் மூடிக் காக்கின்றன. முடியும் நகமும் அந்தத் தோலே உண்டாக்கியவை. பல் மட்டும்தான் உள்ளே எலும்பில் ஊன்றி, உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்கிற கெட்டிப் பொருள். துளைத்த இடத்தில் ஒரு கசிவுத்தடுப்பு வேண்டும். ஈறின் விளிம்பு பல்லைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் விளிம்பின் நுனி ஒட்டுவதில்லை. நல்ல ஆரோக்கியமான வாயிலும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு மெல்லிய சந்து இருக்கும். பல் விழுகிற கதை இந்தச் சந்தில்தான் தொடங்குகிறது.

அங்கே இருப்பதை முதலில் கண்டவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துவந்த ஆன்டனி வான் லேவன்ஹூக். தன் கையாலேயே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லை நுண்ணோக்கியில், தன் பல்லிடுக்கில் சுரண்டி எடுத்த வெள்ளை மாவு போன்ற பொருளை வைத்துப் பார்த்தார். உள்ளே உயிருள்ள சிற்றுயிர்கள் நீந்தின, சுழன்றன. 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் அவற்றை விவரித்து, படமும் சேர்த்து அனுப்பினார். அவர் பல்லைப் பேணாதவர் அல்ல. தினமும் காலையில் உப்பு வைத்துத் தேய்ப்பவர் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படித் தேய்த்த வாயிலேயே அத்தனை உயிர்கள்.

இன்று மனித வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளை இனங்கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை நமக்குத் தீங்கில்லாதவை; சில நன்மை செய்பவை. அவை எச்சிலில் மிதந்து திரிவதைவிடப் பல்லின் மேல் ஒட்டிக் கூட்டமாக வாழ்வதையே விரும்புகின்றன. பல்லைத் துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலின் புரதங்கள் பல்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் முதல் பாக்டீரியாக்கள் அதில் ஒட்டுகின்றன. அவற்றின் மேல் அடுத்தவை ஒட்டும். எல்லாம் சேர்ந்து பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து அதற்குள்ளேயே குடியிருக்கும். இதுதான் பற்படலம். பல் மருத்துவர்கள் பிளாக் என்பார்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கிற குடத்தை நாலு நாள் தேய்க்காமல் விட்டால் உள்பக்கம் வழவழவென்று ஆகிவிடுகிறதே, பற்படலமும் அதே வகைதான். குடத்தில் எத்தனை முறை தண்ணீர் ஊற்றி அலசினாலும் அந்த வழவழப்பு போகாது. நாரை வைத்து ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். மறுபடி நாலு நாள் விட்டால் மறுபடி வரும். வாய் கொப்பளிப்பதால் பல்லின் படலம் போவதில்லை என்பதற்கும், கடையில் வாங்கும் மவுத்வாஷ் பிரஷ்ஷுக்கு மாற்றாகாது என்பதற்கும், மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஈறு வீக்கத்தைத் தற்காலிகமாக அடக்கிவிட்டு வேரோடு தீர்க்காமல் போவதற்கும் காரணம் இதுதான். பசைக்குள் இருக்கிற பாக்டீரியாவை மருந்து எட்டுவது கடினம். படலத்தைக் கையால் கலைப்பது எளிது.

படலம் இருந்தால் ஈறு கெடும் என்பது நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை இது உறுதியாகத் தெரியாது. பயோரியா என்று அன்று அழைத்த இந்த நோய்க்கு ஊட்டச்சத்துக் குறைவு, ரத்தக் கோளாறு, பற்களின் கோணல், வயது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டென்மார்க்கின் ஓஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு சோதனை அந்த விவாதத்தை முடித்துவைத்தது. நல்ல ஈறுள்ள 12 பேர், பெரும்பாலும் முதலாண்டுப் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை நிறுத்தினார்கள். செய்தது அவ்வளவுதான். வேறு மருந்தில்லை, உணவு மாற்றமில்லை. படலம் தடித்தது, அதில் வாழும் பாக்டீரியா வகைகள் நாளுக்கு நாள் மாறின. 10 முதல் 21 நாட்களுக்குள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. பிறகு மறுபடி துலக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் போல ஆனதும் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. 1965இல் இந்த முடிவு வெளியானது. காரணத்தைச் சேர்த்தால் நோய் வருகிறது, எடுத்தால் போகிறது. மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமான நிரூபணம் அடிக்கடி கிடைப்பதில்லை.

இந்த முதல் கட்டத்துக்கு ஈறழற்சி என்று பெயர். துலக்கும்போது நுரையில் இளஞ்சிவப்பு தெரியும், கொய்யாவைக் கடித்தால் கடித்த இடத்தில் ரத்தக் கோடு விழும். நம் மக்கள் இங்கே செய்கிற தவறு ஒன்று என்னை மிகவும் வருத்துகிறது. ரத்தம் வந்ததும் பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். சிலர் விரலால் தேய்ப்பதற்கு மாறிவிடுகிறார்கள். அழற்சியால் ஈறின் உள்பக்கத் தோல் மெலிந்து, அடியில் ரத்தக் குழாய்கள் புடைத்து நிற்பதால்தான் தொட்டவுடன் ரத்தம் வருகிறது. அங்கே படலம் தங்கிவிட்டது என்பதற்கான அறிவிப்பு அது. மென்மையான பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அதே இடத்தைத்தான் இன்னும் பொறுமையாகத் துலக்க வேண்டும். ஓஹுஸ் மாணவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் நமக்கும் நடக்கும்: ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் பிரஷ் எட்டாத ஆழத்தில் ஏதோ இருக்கிறது, மருத்துவரிடம் போக வேண்டும்.

ஈறின் நிறத்தை வைத்துப் பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகப் படங்களில் ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். நம்மில் பலருக்கு அது பழுப்பாகவோ கறுப்புத் திட்டுகளோடோ இருக்கும். தோலில் உள்ள அதே மெலனின்தான் ஈறிலும் இருக்கிறது. பிறந்ததிலிருந்து இருக்கிற கறுப்பு நோயில்லை. புதிதாக வரும் சிவப்பும், மினுமினுப்பும், வீக்கமும், ரத்தமுமே கவனிக்க வேண்டியவை.

ஈறழற்சி எல்லோருக்கும் வரும், திரும்பிப் போகவும் செய்யும். அப்படியென்றால் எலும்பு எப்போது கரைகிறது? கவனிக்காமல் விட்ட ஈறழற்சி எல்லாமே பல் விழுவதில் போய் முடியுமா? இதை அறிய ஒரே வழி, துலக்காத, பல் மருத்துவரையே பார்த்திராத மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பதுதான். அப்படிப்பட்ட மனிதர்களைத் தேடி ஹரால்ட் லோவின் குழு வந்து சேர்ந்த இடம் இலங்கை மலையகம்.

1970இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 30 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். மலையகத் தமிழர்கள். உடல் உழைப்பாளிகள், திடகாத்திரமானவர்கள், அவர்கள் பல்லில் சொத்தை என்பதே அநேகமாக இல்லை. ஆனால் எல்லோர் பல்லிலும் படலமும், படலம் இறுகிக் கெட்டியான காரையும், கறையும் அடர்ந்திருந்தன. அநேகமாக ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு அழன்றிருந்தது. 1985 வரை அதே குழு திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களை அளந்தது. கடைசிச் சுற்றில் 161 பேர் மிஞ்சியிருந்தார்கள்.

முடிவு யாரும் எதிர்பாராதது. ஏறத்தாழ ஒரே உணவு, ஒரே வேலை, ஒரே அளவு அழுக்கு. ஆனால் மூன்று வேறுபட்ட கதி. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போய், 45 வயதில் வாயில் ஒரு பல்லும் இல்லை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக நகர்ந்தது. அவர்கள் முப்பதுக்குமேல் பல்லிழக்கத் தொடங்கி, 45 வயதுக்குள் 7 பற்களை இழந்தார்கள். மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறழற்சியோடு சரி. எலும்பு அசையவே இல்லை.

உலகம் முழுவதும் ஈறு நோய் பற்றிய பாடநூல்களில் இந்த எண்கள் இருக்கின்றன. "சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நோய் எப்படிப் போகும்?" என்று எந்த நாட்டு மாணவர் கேட்டாலும் பதில் அந்தத் தோட்டத்து வாய்களிலிருந்துதான் வருகிறது. அந்த அறிவு எப்படிக் கிடைத்தது என்பதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. நோய் தன் போக்கில் எங்கே போகிறது என்பதே ஆய்வின் கேள்வி. அதனால் பல் ஆடுவதை, விழுவதை, அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஓஹுஸின் மாணவர்கள் மூன்று வாரம் துலக்காமல் இருந்துவிட்டுப் பிரஷ்ஷைத் திரும்பக் கையில் எடுத்தார்கள். தோட்டத்துத் தொழிலாளிக்கு அப்படி ஒரு திரும்புதல் இருக்கவில்லை. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டுக்கும் பல் மருத்துவத்துக்கும் இருந்த தூரம்தான் அந்த ஆய்வைச் சாத்தியமாக்கியது. இன்று இதே ஆய்வை இதே முறையில் செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதி தராது. 2010இல், நாற்பது ஆண்டுகள் கழித்து, இன்னொரு குழு அதே மனிதர்களைத் தேடிப் போனது. 75 பேரைக் கண்டுபிடித்தார்கள். ஈறு நோயால் அவர்கள் இழந்திருந்த பற்கள் சராசரியாக 13. பன்னிரண்டு பேருக்குப் பல்லே இல்லை. நான்கு பேர் ஈறு நோயால் ஒரு பல்லைக்கூட இழக்கவில்லை.

ஒரே படலம், மூன்று கதி என்ற இந்தப் புதிர்தான் அடுத்த பல பத்தாண்டுகளின் ஆராய்ச்சியை நடத்திச் சென்றது. கிடைத்த விடை பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். எலும்பைக் கரைப்பது பாக்டீரியா அல்ல. நம் உடம்பே அதைக் கரைக்கிறது.

ஈறுச் சந்தில் படலம் தடிக்கும்போது உடம்பு வெள்ளணுக்களை அங்கே அனுப்புகிறது. முன்வரிசையில் வருபவை நியூட்ரோஃபில்கள். இவை பாக்டீரியாவை விழுங்கும், அழிக்கும் நொதிகளைக் கக்கும். படலத்தின் பசை அரணுக்குள் அவற்றால் முழுமையாக நுழைய முடியாது. சண்டை முடியாமல் நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீள்கிறது. கக்கிய நொதிகள் பக்கத்தில் உள்ள நம் சொந்த நார்களையும் அரிக்கின்றன. அழற்சி நீடிக்கும் இடத்தில் உடம்பு எலும்பைக் கரைக்கும் செல்களையும் தூண்டிவிடுகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் இந்தச் செல்கள் எலும்பைப் புதுப்பிக்க நம் உடம்பில் எப்போதும் வேலை செய்பவைதான். இங்கே அவை கரைத்துக்கொண்டே போகின்றன. திரும்பக் கட்டுகிற வேலை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. எலும்பு நோய்க்கிருமியிடமிருந்து விலகி விலகிக் கீழே இறங்குகிறது. பல் நின்ற இடத்தில் நிற்க, அதைப் பிடித்திருந்த எலும்பு மட்டும் குறைகிறது. இந்தக் கட்டத்துக்குப் பல்தாங்கு திசு அழற்சி என்று பெயர். பெரியோடான்டைட்டிஸ் என்று மருத்துவர் சீட்டில் எழுதுவது இதைத்தான்.

அப்படியானால் வெள்ளணுக்களே வராமல் இருந்தால் நல்லதா? இல்லை என்பதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. பாப்பியோன்-லெஃபெவ்ர் என்ற மிக அரிய பரம்பரை நோய் உள்ள குழந்தைகளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்திருக்கும். பால்பற்கள் நாலைந்து வயதுக்குள் விழுந்துவிடும். பிறகு முளைக்கும் பற்களும் பதின்வயதிலேயே போய்விடும். இவர்களிடம் கதெப்சின் சி என்ற ஒரே ஒரு நொதிக்கான மரபணு பழுதாகியிருப்பதை 1999இல் கண்டார்கள். அந்த நொதி இல்லாவிட்டால் நியூட்ரோஃபிலின் ஆயுதங்கள் செயல்படாது. பாதுகாப்பு குறைந்தாலும் பல் போகிறது, மிஞ்சினாலும் போகிறது. அந்த நடுநிலை ஆளுக்கு ஆள் எங்கே அமைந்திருக்கிறது என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள், ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் பாதியைப் பரம்பரைக்குக் கணக்கு வைக்கின்றன. தோட்டத்தின் 8 சதவீதமும் 11 சதவீதமும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது ஓரளவு புரிகிறது.

பாக்டீரியாவின் பக்கத்தில் பெயர் பெற்றது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற காற்று வேண்டாத வகை. இதன் எண்ணிக்கை படலத்தில் பெரும்பாலும் குறைவு. ஆனால் வெள்ளணுக்களின் சமிக்ஞைகளைக் குழப்பிவிடுகிறது. குழம்பிய பாதுகாப்பின் மறைவில் மற்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. வேறு எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்த்த எலிகளின் வாயில் இதை மட்டும் விட்டபோது எலும்பு கரையவில்லை. மற்ற பாக்டீரியாக்களும் இருந்த எலிகளில் கரைந்தது. அழன்ற ஈறிலிருந்து கசியும் ரத்தத்தின் இரும்பும் சிதைந்த திசுவின் புரதமும் இந்தக் கூட்டத்துக்கு உணவு. அழற்சி கூடக் கூட அவற்றுக்குச் சாப்பாடும் கூடுகிறது. அதனால்தான் இந்த நோய் ஒரு கட்டத்துக்கு மேல் தானாக நிற்பதில்லை.

எலும்பும் நாரும் இறங்கியதும் பழைய 3 மில்லிமீட்டர் சந்து 5, 6, 8 மில்லிமீட்டர் ஆழமான பையாகிறது. மேலே ஈறு ஒழுங்காகப் போர்த்தியிருப்பதால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. வலியும் இல்லை. வாய் நாற்றம் ஒன்றுதான் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியும். நோய் முற்றியவர் வாயில் இப்படி அழன்ற பைகளின் உள்பரப்பை எல்லாம் சேர்த்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவு ஆறாத புண் காலில் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். மில்லிமீட்டர் கோடு போட்ட, நுனி மழுங்கிய ஒரு மெல்லிய கம்பி. அதன் பெயர் புரோப். மருத்துவர் அதைப் பல்லை ஒட்டி ஈறுச் சந்தில் மெல்ல இறக்கி எவ்வளவு போகிறது என்று பார்ப்பார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது நடப்பதைக் கேட்கலாம்: ஒரு மாணவி குனிந்தபடியே "ரெண்டு, ரெண்டு, மூணு" என்று சொல்லிக்கொண்டு போவார், பக்கத்தில் ஒருவர் அட்டவணையில் எழுதுவார். திடீரென்று "ஆறு, அஞ்சு, ஏழு, பிளீடிங்" என்று குரல் மாறும். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கு அந்த நிமிடம் வரை அந்தப் பல்லில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும். பல் மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், "ஈறு ஆழம் அளந்து பாருங்க டாக்டர்" என்று கேட்டுவிடுங்கள். சொத்தையை அடைக்கிற அவசரத்தில் இது பல இடங்களில் விடுபட்டுப் போகிறது.

விழுந்த பல்லின் வேரில் ஒட்டியிருந்த அந்தக் கறுப்புச் சொரசொரப்பு பற்காரை. கலைக்காமல் விட்ட படலத்தில் எச்சிலின் கால்சியமும் பாஸ்பேட்டும் இறங்கிக் கெட்டியாவதே காரை. ஈறுக்கு மேலே மஞ்சளாகவும், பைக்குள் ரத்தக் கலப்பால் கறுப்பாகவும் இருக்கும். கண்ணாடி முன் நின்று கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்தைப் பாருங்கள். அநேகமாக எல்லோருக்கும் முதலில் அங்கேதான் படிகிறது, ஏனென்றால் நாக்கின் அடியில் எச்சில் சுரப்பியின் வாய் அங்கே திறக்கிறது. காரை தானே எலும்பைக் கரைப்பதில்லை. அதன் கரடான மேற்பரப்பில் புதுப் படலம் வசதியாகத் தங்குகிறது என்பதே தொல்லை. ஒரு முறை கெட்டியாகிவிட்டால் எந்தப் பிரஷ்ஷும் எந்தப் பல்பொடியும் அதை எடுக்காது. பல் மருத்துவர் கருவியால் சுரண்டி, அதாவது ஸ்கேலிங் செய்துதான் எடுக்க வேண்டும்.

"ஸ்கேலிங் பண்ணா பல் ஆடும், பல் இடுக்கு விழும்" என்ற பயம் நம்மூரில் பலரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது. இந்தப் பயம் சும்மா கிளம்பியதில்லை. உண்மையாகவே சிலருக்கு ஸ்கேலிங்குக்குப் பிறகு பல் ஆடுவது தெரிகிறது. எலும்பு ஏற்கெனவே பாதி கரைந்திருக்கும்; பல்லுக்குப் பல் பாலம் போட்டது போல் காரை இறுகி அவற்றை அசையாமல் கட்டிவைத்திருக்கும். காரையை எடுத்ததும் இருந்த நிலைமை வெளியே தெரிகிறது. இடைவெளியும் அப்படித்தான்: வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்கியதும் எலும்பு போன இடம் கண்ணில் படுகிறது. பல் கூசுவதும் சில வாரங்களுக்கு இருக்கும். அழற்சி அடங்கியபின் பெரும்பாலான பற்கள் முன்பைவிட உறுதியாகின்றன. பல் ஆடுமோ என்று பயந்து காரையை அப்படியே விட்டவர்தான் அந்தப் பல்லைப் பெரும்பாலும் இழக்கிறார்.

புகை பிடிப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புகையிலை இந்த நோயைப் பல மடங்கு மோசமாக்குகிறது. கூடவே ஈறின் ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடுவதால் ரத்தம் கசிவது குறைந்துபோகும். உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்க, மேலே ஈறு வெளிறி, ரத்தம் வராமல், பார்க்க நன்றாகவே இருக்கும். ரத்தம் வரவில்லை என்பது அவர்களுக்கு நல்ல செய்தி ஆகாது.

சர்க்கரை நோய் இன்னும் முக்கியம், ஏனென்றால் நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்படாதபோது வெள்ளணுக்களின் வேலை கெடுகிறது, அழற்சி கூடுகிறது, ஆறுவது தாமதமாகிறது. 1993இல் அதே ஹரால்ட் லோ, கண், சிறுநீரகம், நரம்பு முதலியவற்றில் சர்க்கரை நோய் உண்டாக்கும் கேடுகளின் பட்டியலில் ஆறாவதாக ஈறு நோயைச் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். பாதிப்பு எதிர்த்திசையிலும் உண்டு. ஈறின் அழற்சி சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கிறது. ஈறுக்குச் சிகிச்சை செய்தபின் மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி சுமார் 0.4 புள்ளி இறங்குவதைப் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் காண்கிறார்கள். சிறிய எண்ணாகத் தோன்றினாலும் கூடுதலாக ஒரு மாத்திரை தருகிற பலனோடு ஒப்பிடத்தக்கது. சர்க்கரைக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை கண்ணையும் காலையும் காட்டுவதுபோல ஈறையும் காட்ட வேண்டும்.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்துப் பல்மேல் வளரும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி, தினமும் செய்ய வேண்டியது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சார்லஸ் பாஸ், பல்லின் நடுப்பரப்பைத் தேய்ப்பதில் பயனில்லை, ஈறுச் சந்தின் வாயைத்தான் துலக்க வேண்டும் என்று கண்டு ஒரு முறையை வகுத்தார். மென்மையான பிரஷ்ஷின் நார்களைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில், ஈறை நோக்கி 45 பாகை சாய்த்து வைத்து, அந்த இடத்திலேயே சிறு சிறு அசைவாக ஆட்ட வேண்டும். நார்நுனி சந்துக்குள் சற்றே நுழைந்து படலத்தைக் கலைக்கும். இரண்டு மூன்று பல்லாக நகர்ந்து, நாக்குப் பக்கத்தையும் விடாமல் முடிக்க இரண்டு நிமிடம் பிடிக்கும். அழுத்தித் தேய்ப்பதால் ஈறு தேய்ந்து வேர் வெளியே வருமே தவிர வேறு நன்மையில்லை. செங்கல் தூள், சாம்பல், கரடான பொடி எல்லாம் இதே கேட்டைத்தான் செய்கின்றன. சாப்பிட்டு முடித்து, படுப்பதற்கு முன் துலக்குவதை எதற்காகவும் விடாதீர்கள்.

பிரஷ் எட்டாத இடம் பல்லிடுக்கு. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான். இடைவெளி உள்ளவர்களுக்குச் சின்ன போத்தல் பிரஷ் போன்ற இன்டர்டென்டல் பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது; பல்லிடுக்கில் இழுக்கும் ஃபிளாஸ் நூலைவிட அது நன்றாக வேலை செய்கிறது. நெருக்கமான பல்லுக்கு அந்த நூல். பல்குச்சியால் குத்துவதை நிறுத்திவிடலாம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் சிகிச்சையின்போது சில வாரங்களுக்கு உதவும். நீட்டித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

இவ்வளவு செய்தால் பலன் எவ்வளவு? மலையகத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1972இல், ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் பெர் ஆக்செல்சன், யான் லிண்டே ஆகியோர் இதற்கு நேர்மாறான ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பல் எப்படித் துலக்குவது என்று ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை கூப்பிட்டுச் சுத்தம் செய்து, விட்டுப்போன இடங்களைச் சுட்டிக்காட்டினார்கள். 30 ஆண்டுகள் கழித்து எண்ணியபோது, வயதுப் பிரிவுக்கேற்ப ஒருவர் இழந்திருந்தது சராசரியாக 0.4 முதல் 1.8 பற்கள். அதில் பெரும்பகுதி வேர் முறிந்ததால். ஈறு நோயால் போனது மிகச் சொற்பம். அவர்களிலும் வேகமாக நோய் பாயும் உடல்வாகு உள்ளவர்கள் இருந்திருப்பார்கள்தானே? உடல்வாகு அப்படியே இருந்தது. படலம் மட்டும் தங்கவில்லை.

கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. அதனால் நோய் வந்தவருக்குச் சிகிச்சையின் நோக்கம் இருப்பதைக் காப்பது. முதலில் ஸ்கேலிங், பிறகு பைக்குள் வேரை வழித்துச் சுத்தம் செய்தல், ஆழம் குறையாத இடங்களில் ஈறைத் திறந்து செய்யும் சிறு அறுவை. அது முடிந்ததும் நோய் தீர்ந்தது என்று வீட்டோடு இருந்துவிடக் கூடாது. பைக்குள் பழைய பாக்டீரியாக் கூட்டம் சில மாதங்களில் மறுபடி சேரும் என்பதால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டியிருக்கும். தனியார் கிளினிக்கின் செலவு தாங்காதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவும், பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. கல்லூரிகளில் பெரியோடான்டிக்ஸ் என்று தனிப் பிரிவே இதற்காக உண்டு. வெளியோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு.

உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நாற்பதைத் தொடும் முன்பே சொத்தையில்லாமல் பல் ஆடியிருந்தால், நீங்கள் இருபத்தைந்திலேயே ஒரு முறை போய் ஆழம் அளந்து பாருங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கையையும் கூட்டிப் போங்கள்.